மாவு பொங்குவதற்குள்

ரொட்டிக்காரர் விமானத்திலிருந்து இறங்கியபோது அவருடைய வயிறு இன்னும் ஆகாயத்திலேயே இருந்தது. முதல்முறை பறந்தவர். மேகத்துக்குள் விமானம் புகுந்த நேரத்தில், யாரோ லட்சம் மூட்டை மைதாவை வெளியே கொட்டிவிட்டதாக நினைத்து, "அடப்பாவிகளா, எவ்வளவு சேதாரம்" என்று பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொல்லி வருத்தப்பட்டவர்.

அவர் ஊர் சுற்றப் போகவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் கடையின் ரொட்டி அடுப்பில் ப்ளோயர் மோட்டார் ஒரு தும்மல் போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டது. அடுப்புக்குள் சூட்டை மூலைமுடுக்கெல்லாம் ஊதி அனுப்புவது அதுதான். அது இல்லையென்றால் முன்வரிசை பன் கரியாகும். பின்வரிசை பச்சை மாவாகவே உட்கார்ந்து முழிக்கும். அடுப்போ கிழட்டு அடுப்பு. அதைச் செய்த கம்பெனி இருக்கும் தூரத்து நகரத்தில், அலமாரியின் கடைசித் தட்டில், தூசுக்கு நடுவில் ஒரே ஒரு மோட்டார் மிச்சமிருந்தது. ரயிலில் போய் வந்தால் நான்கு நாள். மனைவியின் தம்பிதான் கைப்பேசியில் எதையெதையோ தட்டி அவரை ஆகாயத்தில் ஏற்றிவிட்டான்.

அவ்வளவு அவசரம் எதற்கு என்றால், ஆஸ்பத்திரி. ஊர் ஆஸ்பத்திரிக்குத் தினமும் மாலை தொள்ளாயிரம் பன் போகும். கடையின் முக்கால்வாசிப் பிழைப்பு அதில்தான். அங்கே சமையல்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் நல்லவர். ஆனால் நல்லவர்களுக்கும் ஏழு மணிக்குப் பசியோடு வார்டு நிறைய ஆள் இருக்கிறார்களே.

"ரெண்டு நாள் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்" என்று அவர் சொல்லியிருந்தார். "மூணாம் நாள் சாயந்தரம் ஏழு மணிக்குப் பன் வரலைன்னா வேற இடம் பாத்துடுவேன். கோவிச்சுக்காதீங்க. மோட்டார் கதையை வச்சு நான் யாருக்கும் சாப்பாடு போட முடியாது."

அந்த மூன்றாம் நாள் இன்று. கடையில் இருந்ததும் ஒரே மூட்டை மாவு. அடுத்த லோடு நாளை மறுநாள்தான்.

மோட்டார் பெட்டி பதினொரு கிலோ என்று விமானக்காரர்களின் தராசு சொன்னது. ரொட்டிக்காரரின் தோள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு எருமைக் கன்றும் அதன் தாய்மாமனும் உள்ளே இருப்பதாகச் சொன்னது. பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். மணி பன்னிரண்டு.

"இறங்கிட்டேன். ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேன். மாவைப் போட்டுடு."

"நீங்க வந்து சேருங்க முதல்ல. அப்புறம் போடறேன்" என்றாள் மனைவி.

"வந்தப்புறம் போட்டா ஏழு மணிக்கு எப்படிடி ஆகும்? மாவு பொங்க நேரம் வேணும், உருட்ட நேரம் வேணும், உருட்டினது உப்ப நேரம் வேணும். இருபத்தாறு கிலோமீட்டர்தானே? தவழ்ந்து வந்தாக்கூட வந்துடலாம்."

"தவழ வேணாம். ஒரு காரைப் பிடிச்சு வாங்க."

"காரா?" என்றார் ரொட்டிக்காரர்.

"சரி சரி, மறந்துட்டேன்" என்றாள் அவள். "பஸ்லயே வாங்க. தூங்கிடாதீங்க."

காருக்கும் ரொட்டிக்காரருக்கும் ஜென்மப் பகை. பஸ்ஸில் போவார், ரயிலில் போவார், லாரியின் தலையில் உட்கார்ந்தும் போவார். காரின் கதவைச் சாத்தினால் மட்டும் மூன்றாவது வளைவில் குடல் வாய்க்கு வந்துவிடும். கல்யாணத்தன்று ஜோடித்த காரில் பெண்ணை மட்டும் ஏற்றிவிட்டு, மாப்பிள்ளை பின்னாலேயே ஓடிவந்தார். பெண் வீட்டார் அதைப் பிரியம் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்றுவரை யாரும் திருத்தவில்லை.

அதனால், வாசலில் "சார் டாக்ஸி, சார் டாக்ஸி" என்று மொய்த்தவர்களை, மாமியார் வீட்டு நாயைக் கடப்பதுபோல் ஓரமாகக் கடந்து, பஸ் நிறுத்தத்தைத் தேடினார். அத்தனை பெரிய விமான நிலையம் கட்டியவர்கள், பஸ் நிறுத்தம் என்ற ஒன்று வேண்டும் என்பதைக் கட்டி முடித்துச் சாவி கொடுக்கும்போதுதான் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். கார்கள் நிற்கும் மைதானத்தையெல்லாம் தாண்டி, அடுத்த மாநிலத்துக்குச் சற்று முன்னால் அது இருந்தது.

மேலே வெயில். ஒரு துளி நிழல் இல்லை. சாமான் வண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி ரயில்போலத் தள்ளிக்கொண்டு வந்த ஆள் நின்றார்.

"எங்கே, நாற்பதாம் நம்பர் பஸ்ஸுக்கா?"

"ஆமாங்க."

"அதை ஏன் தோள்ல வச்சுக்கிட்டு அவஸ்தைப்படறீங்க? முதல் வண்டியில வைங்க. நானும் அந்தப் பக்கந்தான் போறேன்." பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே என்ன, அம்மிக்கல்லா?" என்றார்.

"ரொட்டி அடுப்புக்கு மோட்டாருங்க."

"மோட்டாரைப் ப்ளேன்ல கூட்டிட்டு வந்தீங்களா? நான் பதினாறு வருஷமா இங்கே வேலை பாக்கறேன். ப்ளேன் உள்ளே எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. உங்க மோட்டார் கொடுத்து வச்சது."

நிறுத்தத்தில் அவரே பெட்டியை இறக்கிவைத்தார். ரொட்டிக்காரர் நன்றி சொல்லத் திரும்புவதற்குள் வண்டி ரயில் போய்விட்டது. அவருக்கு எப்போதும் அப்படித்தான். மற்றவர்களுக்கு நன்றி நாக்கின் நுனியில் இருக்கும். இவருக்கு அது முழங்காலிலிருந்து ஏறி வர வேண்டும்.

பஸ் வந்தது. கண்டக்டர் கிடையாது, டிரைவர் மட்டுந்தான். ரொட்டிக்காரர் கடைசிச் சீட்டின் மூலைக்குப் போய், பெட்டியை மடியில் வைத்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னல் வழியே வெதுவெதுப்பான காற்று வந்தது. நன்றாகச் சூடேறிய அடுப்பின் வாயில் நிற்பது மாதிரியே இருந்தது. எஞ்சின் மாவு பிசையும் மிஷினின் சுருதியில் உறுமியது.

இங்கேதான் வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரொட்டி போடுகிறவர்கள் ஊர் உறங்கும்போது எழுந்து, ஊர் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது படுப்பவர்கள். முப்பத்தொரு வருஷமாக மணி பன்னிரண்டரை ஆனால் ரொட்டிக்காரரின் உடம்பு தானாகவே ஷட்டரை இறக்கிவிடும். இடி விழுந்தாலும் இரண்டு மணி வரைக்கும் கடை திறக்காது. ஒரு தடவை பல்லைப் பிடுங்கப் போன இடத்தில், வாயைத் திறந்தபடியே தூங்கி, ஊசி போடாமலேயே வேலை முடிந்தது.

ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்ளலாம் என்றுதான் அவர் நினைத்தார். இன்னொரு கண் தனியாக என்ன செய்யும் பாவம்.

அவர் விழித்தபோது பேய்மழை பெய்துகொண்டிருந்தது. நாலு பக்கமும் ஜன்னலில் தண்ணீர் அறைந்தது. ஒரு பெரிய பிரஷ் கண்ணாடியில் மேலும் கீழும் ஓடியது. 'ஆத்துக்குள்ளே விழுந்துட்டோம்' என்று முடிவு கட்டி, பெட்டியை நெஞ்சோடு அணைத்து, "காப்பாத்துங்க" என்று கத்தினார்.

தண்ணீர் நின்றது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் குழாயும் கையுமாகப் படியில் ஏறி வந்தாள்.

"யாருய்யா நீ? பஸ் கழுவற இடத்துல உனக்கென்ன வேலை?"

"ஊரு... ஊரு வந்துடுச்சா அம்மா?"

"ஊரு வந்து, போயி, அரை மணி நேரம் ஆச்சு. இது டிப்போ. ஊருக்கு அந்தாண்ட ஒன்பது கிலோமீட்டர். டிரைவர் ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கே போயிட்டாரு." அவள் பெட்டியைப் பார்த்தாள். "இதைக் கட்டிக்கிட்டு நீ குனிஞ்சு தூங்கியிருக்கே. யாரோ பெட்டியை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சிருப்பாரு."

மணி இரண்டே கால். ரொட்டிக்காரரின் போனில் பதினான்கு அழைப்புகள் தவறியிருந்தன. பதினைந்தாவது அப்போது வந்தது. எடுத்ததும், குசலம் எதுவும் இல்லாமல் மனைவி தொடங்கினாள்.

"தூங்கிட்டீங்க."

"இல்ல, வந்து..."

"தூங்கிட்டீங்க. எங்கே இருக்கீங்க?"

"டிப்போல. பஸ்ஸைக் கழுவறாங்க."

கோபப்படுவதற்கு அவளுக்கு நேரம் இல்லை.

"மாவு தொட்டி விளிம்புக்கு வந்துடுச்சு. ஒரு தடவை அமுக்கி விட்டுட்டேன். இன்னொரு தடவை அமுக்கலாம். மூணாம் தடவைக்கு அதுக்குத் தெம்பு இருக்காது, செத்துடும். உங்களுக்கே தெரியும்."

"உருட்டி வச்சுடேன்."

"உருட்டினா அப்புறம் திரும்ப வழி ஏது? முக்கால் மணியில அடுப்புக்குப் போயாகணும். அடுப்பு எங்கே? உங்க மடியில இருக்கு. தொட்டியில இருக்கிற வரைக்கும்தான் அதை ஏமாத்தலாம்." பிறகு குரலை உயர்த்தி உள்ளே கத்தினாள்: "டேய், மீன் கடையில போய் ஐஸ் கேளுடா. ரெண்டு பெட்டி. தொட்டியைச் சுத்தி அடுக்கணும்."

மனைவியின் தம்பி பின்னாலிருந்து கேட்டான். "மாமா எங்கேக்கா?"

"பஸ் குளிக்கிற இடத்துல அவரும் குளிச்சுக்கிட்டு இருக்காரு. நீ ஓடு."

கழுவுகிற பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். குழாயைக் கீழே போட்டாள்.

"அடுத்த பஸ் நாலு மணிக்கு" என்றாள். "உனக்கு ஆகாது. ஒரு காரைப் போன் பண்ணி வரவழைக்கட்டுமா?"

"ஆட்டோ கிடைக்குமா? காருன்னா எனக்கு ஆகாதும்மா."

"இந்தக் காட்டுக்கு எந்த ஆட்டோவும் வராது. சரி, வா. பிரேக்கம்மாவைக் கேட்டுப் பாக்கலாம்."

டிப்போவின் பின்பக்கம், முன்னாலும் பின்னாலும் எல் போர்டு மாட்டிய ஒரு பழைய பஸ் நின்றது. புது டிரைவர்களைப் பழக்கும் பஸ் அது. ஆறு பழகுநர்கள், அதில் ஒருவர் இருபது வருஷம் முடிவெட்டியவர், ஒருத்தி கோழிப் பண்ணையை விட்டுவிட்டு வந்தவள். சொல்லிக்கொடுக்கும் அம்மாளுக்குப் பழகுநர்கள் வைத்த பெயர்தான் பிரேக்கம்மா. அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் பெடல் இருந்தது. தன் ஆயுளில் அவர் சாலையை விட அந்தப் பெடலைத்தான் அதிகம் மிதித்திருப்பார் என்று சொல்லுவார்கள்.

"பயணியை ஏத்தக் கூடாது" என்றார் பிரேக்கம்மா, கேட்டு முடிப்பதற்குள். "விதி இருக்கு."

"இவரு பயணி இல்லைங்க. ரொட்டிக்காரரு" என்றாள் கழுவுகிற பெண். "ஆஸ்பத்திரிக்குப் பன் போடறவரு. தூங்கிட்டாரு."

"ரொட்டிக்காரரும் பஸ்ல ஏறினா பயணிதான்."

ரொட்டிக்காரர் எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். வந்தது இதுதான்: "மாவு போட்டுட்டாங்கம்மா. தொட்டியில பொங்கிக்கிட்டு இருக்கு. அது யாருக்கும் காத்திருக்காது."

பிரேக்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்குள் பார்த்தார். சீட்டு சீட்டாக மணல் மூட்டைகள் உட்கார்ந்திருந்தன. ஆள் நிறைந்த பஸ்ஸின் கனம் பழகுநர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஆளுக்குப் பதில் மூட்டை வைப்பது அந்த டிப்போவின் வழக்கம்.

"நேத்து ஒரு மூட்டை கிழிஞ்சுதே, அது வந்துச்சா?"

"இல்லைங்கம்மா" என்றார் முடிவெட்டியவர்.

"அப்ப ஒரு மூட்டை குறையுது. ஐயா, நீங்க எத்தனை கிலோ?"

"எழுபத்திரண்டு. பெட்டியோட எண்பத்து மூணு."

"கொஞ்சம் ஓவர்லோடு. பரவாயில்லை. மூணாவது வரிசை, இடது பக்கம். மூட்டை பேசாது, எழுந்து நிக்காது, டிரைவருக்கு யோசனை சொல்லாது. சம்மதமா?"

ரொட்டிக்காரர் சம்மதம் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த நிமிஷத்திலேயே மூட்டை ஆகிவிட்டார்.

ஒன்பது கிலோமீட்டர். ஆறு பேரும் ஆளுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் ஓட்டினார்கள். முதல் ஆள் கியர் மாற்றும்போது பஸ் கொக்கரித்தது. கோழிப் பண்ணைக்காரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாம் ஆளை ஒரு சைக்கிள்காரர் முந்திப் போய், டீ குடித்துவிட்டு வந்து, மறுபடியும் முந்தினார். மூன்றாம் ஆள் வேகத்தடையைக் கண்டு ஏழு தடவை பிரேக் போட்டார். மூட்டைகள் எல்லாம் ஒரே ஆளாகக் குனிந்து நிமிர்ந்தன, ரொட்டிக்காரரும் கூடவே குனிந்து நிமிர்ந்தார். மனசுக்குள் அவர் ஒவ்வொரு கிளட்சையும் தானே மிதித்தார். கையோ பெட்டியின் மேல் மாவு பிசைந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை போன் அடித்தது. மூட்டைக்குப் போன் எடுக்கலாமா என்று விதி எதுவும் சொல்லப்படாததால் எடுக்கவில்லை. பிரேக்கம்மாவே திரும்பி, "எடுங்க" என்றார்.

"ரெண்டாவது தடவையும் அமுக்கிட்டேன்" என்றாள் மனைவி. குரல் தணிந்திருந்தது. "ஐஸ் வச்சிருக்கு. மேலே ஈரத்துணி போட்டிருக்கேன். கையை வச்சா மூச்சு விடற மாதிரி இருக்கு. பயமா இருக்குங்க."

முப்பது வருஷத்தில் அவள் பயம் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. ரொட்டிக்காரர் மூட்டை விதியை மீறிப் பேசினார்.

"வந்துக்கிட்டே இருக்கேன்மா. நிறைய பேரு சேந்து கூட்டிட்டு வர்றாங்க."

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. சந்து வாயில் இறக்கிவிட்டால் போதும் என்று அவர் எழுந்தார். பிரேக்கம்மா சந்தைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு ஆசை வந்தது.

"உக்காருங்க. இன்னிக்குப் பாடம் குறுகல் சந்துல ரிவர்ஸ். இதைவிடக் குறுகலா நான் எங்கே போய்த் தேடுவேன்?"

முடிவெட்டியவர்தான் ஓட்டினார். இருபது வருஷம் காதுக்கும் கத்திக்கும் நடுவே நூலிழை விட்டுப் பழகியவர். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் ஒரு பன் அகலம் விட்டுப் பின்னாலேயே கொண்டுவந்தார். மாடி ஜன்னல்களில் ஜனம் கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு பக்கம் வழி சொன்னார்கள். பஸ்ஸின் பின்பக்கம் கடைவாசலில் முட்டாமல் நின்றபோது மணி மூன்றரை.

மச்சான் ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கினான்.

"மாமா, ப்ளேன்ல போனீங்க, பஸ்ஸைப் பின்னாடியே ஓட்டிக்கிட்டு வர்றீங்க. உங்களுக்கு முன்பக்கம்னு ஒண்ணு உண்டா?"

"வாயை மூடுடா. ஸ்பானரை எடு."

இருவரும் அடுப்பின் முதுகுக்குப் பின்னால் நுழைந்தார்கள். மனைவி தொட்டியின் ஈரத்துணியை விலக்கினாள். மாவு மூன்றாம் தடவையாகப் பொங்கத் தொடங்கியிருந்தது. மேலே சின்னச் சின்னக் குமிழ்கள். லேசான புளிப்பு வாசனை. இனி அமுக்க முடியாது, உருட்டத்தான் வேண்டும். தொள்ளாயிரம் உருண்டை. வழக்கமாக மூன்று பேர் ஒரு மணி நேரம் உருட்டுவார்கள். இன்று இரண்டு பேர் அடுப்புக்குப் பின்னால்.

அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஆரம்பித்தாள். ஐந்து, ஆறு, ஏழு.

"பஸ்ஸை இப்பவே எடுக்கணுமாம்மா?" என்று வெளியே கோழிப் பண்ணைக்காரியின் குரல் கேட்டது.

"ஆறரைக்குள்ள டிப்போ போனா போதும்" என்றார் பிரேக்கம்மா. கடைக்குள் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அந்த ஒற்றைப் பெண்ணின் கையையே பார்த்தார். "எல்லாரும் கையைக் கழுவிட்டு வாங்க. சோப்புப் போட்டு. கிரீஸோட யாரும் மாவைத் தொடக்கூடாது."

ஏழு பேர் மேஜையைச் சுற்றி நின்றார்கள். மனைவியின் குரல், பழக்க தோஷத்தில், முதலாளியின் குரலாயிற்று.

"அமுக்காதீங்க, உருட்டுங்க. உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரி வைங்க. அண்ணா, அது தலை இல்ல, மசாஜ் பண்ணாதீங்க."

"தலையை விட இது பரவால்லைம்மா. இது வலிக்குதுன்னு சொல்லல" என்றார் முடிவெட்டியவர்.

"ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிக்கிறது யாரு?" இது பிரேக்கம்மா. "எத்தனை தடவை சொல்றேன், லேசாப் பிடின்னு."

சொன்னவரின் உருண்டை கொழுக்கட்டைபோல் நீண்டிருந்தது. அதை யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நாலேகாலுக்கு அடுப்பின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு உறுமல் எழுந்தது. முதலில் இருமல், பிறகு சீரான மூச்சு. மேஜையைச் சுற்றி எல்லாக் கையும் நின்றது. ரொட்டிக்காரர் முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தார். தன் மேஜையில் ஏழு பேர், அதில் ஆறு பேரை அவர் மூட்டைகளுக்கு நடுவே பின்தலையாக மட்டுமே பார்த்திருந்தார். எண்ணூறு உருண்டைகள் தட்டுகளில் வரிசையாக உப்பிக்கொண்டிருந்தன. சில உருண்டை, சில முட்டை, சில என்ன உருவம் என்று கடவுள்தான் சொல்ல வேண்டும். அவருக்கு நன்றி முழங்காலில் புறப்பட்டது. தொண்டைக்கு வந்து அங்கேயே அடைத்துக்கொண்டது.

"நிக்காதீங்க. மிச்சம் நூறு இருக்கு" என்றாள் மனைவி.

ஐந்து மணிக்கு முதல் தட்டு உள்ளே போனது. ஆறேகாலுக்குக் கடைசித் தட்டு வெளியே வந்தது. சந்து முழுக்க வாசனை ஏறி, மாடி ஜன்னல்காரர்கள் வேலை வெட்டியை விட்டுவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மணல் மூட்டைகள் ஒதுங்கி இடம் கொடுக்க, சீட்டு சீட்டாகப் பன் தட்டுகள் உட்கார்ந்தன. ரொட்டிக்காரரும் மனைவியும் கூடவே ஏறிக்கொண்டார்கள். டிப்போவுக்குப் போன் போட்டுப் பிரேக்கம்மா ஒரே வரியில் பேசினார்: "கொஞ்சம் லேட் ஆகும். உடையற சரக்கோட ஓட்டப் பழக்கறேன்."

அன்றைக்கு அந்த ஆறு பேர் ஓட்டிய மாதிரி அதற்குப் பிறகு அவர்களே ஓட்டியிருக்க மாட்டார்கள். ஒரு பன் நகரவில்லை.

ஆஸ்பத்திரி முற்றத்தில் சமையல்கூடத்து அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஏழுக்கு ஐந்து நிமிஷம். பஸ்ஸிலிருந்து வரிசையாக ஆட்கள் தட்டுகளோடு இறங்குவதைப் பார்த்தார். ஒரு பன்னை எடுத்தார். திருப்பினார். இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது என்ன, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே?"

"இன்னிக்கு உருட்டின கை வேறங்க. இருந்த ஒரே மூட்டை மாவும் இதோட தீந்துடுச்சு" என்றாள் மனைவி.

அம்மாள் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். ரொட்டிக்காரருக்கு அந்த மெல்லுதல், விமானம் தரையைத் தொட்ட நேரத்தைவிட நீளமாக இருந்தது.

"லேசாப் புளிக்குது."

இன்னொரு துண்டைப் பிய்த்து மென்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்று மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டார். "நாளையிலேருந்து வழக்கம்போல ஏழு மணி. நாளைக்கு மாவுக்கு எங்கயாவது கடன் வாங்கிக்குங்க, அது உங்க பாடு. உருண்டையா இருக்கணும்."

தட்டுகள் உள்ளே போயின. பழகுநர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். ரொட்டிக்காரர் முற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றார். நாள் முழுக்கத் தொண்டையில் சிக்கியிருந்தது ஒருவழியாக வெளியே வந்தது.

"அம்மா, உங்க எல்லாருக்கும்... நான்... எங்க வீட்டுல இன்னிக்கு..."

ஜன்னல் வழியே பிரேக்கம்மா தலையை நீட்டினார்.

"நன்றி சொல்றதுன்னா ஓரமா நின்னு சொல்லுங்க. பின்னாடி எடுக்கறாங்க."

ஓரமாகப் போனார். கோழிப் பண்ணைக்காரியின் முறை. முற்றம் சின்னது, பஸ் பெரியது. பின்னால் வந்தாள், ரொட்டிக்காரர் கையைத் தூக்கி, "ரொம்ப நன்றிங்க" என்றார். பத்தவில்லை, முன்னால் போனாள். மறுபடி பின்னால் வந்தாள். "மறக்க மாட்டேங்க" என்றார். மறுபடி முன்னால். ஐந்தாவது தடவையில் பஸ் கழுவுகிற பெண்ணுக்கும் சாமான் வண்டி தள்ளினவருக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டார். எட்டாவது தடவையில் சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் வெறும் கையை ஆட்டினார். ஜன்னலில் ஆறு கைகளும் ஒவ்வொரு தடவையும், புதிதாக விடைபெறுவதுபோல், பதிலுக்கு ஆடின.

"கை வலிக்குது" என்றார் மெதுவாக.

"ஆட்டுங்க" என்றாள் மனைவி, தானும் ஆட்டிக்கொண்டே. "அவங்க இன்னும் போகலை."